மூச்சிளைப்பு மாத்திரையும் தொலைந்த தூக்கமும்: நான்கு ஆண்டு அனுபவம்

சோமனூர்ப் பக்கம் எங்களுக்கு விசைத்தறிக் குடோன் இருக்கிறது. பஞ்சுத் தூசியிலேயே வளர்ந்த எனக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் மூச்சிளைப்பு வந்தது. அதற்கான மருந்து தூக்கத்தைக் கெடுக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படி ஓர் ஆண்டு வீணான பிறகே இதை எழுதுகிறேன்.

முதலில் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைப் பத்து நாள் காலையும் இரவும் போட்டேன். மூச்சு சீரானது, தூக்கம் போய்விட்டது. நள்ளிரவு இரண்டு மணிக்கு விழித்தபடி படுத்து, பக்கத்துக் குடோனில் எந்தத் தறி நூலறுந்து நிற்கிறது என்று ஓசையை வைத்தே சொல்லிக்கொண்டிருப்பேன். நம் உடலில் இயல்பாகச் சுரக்கும் கார்டிசால் என்ற ஸ்டீராய்டு ஹார்மோன் காலையில் உச்சத்திலும் நள்ளிரவையொட்டி மிகக் குறைவாகவும் இருக்கும். அதே வகை மருந்தை இரவில் விழுங்கியதால் உடல் விடிந்துவிட்டதென்றே எண்ணியிருக்க வேண்டும்.

அதன் பிறகு இளைப்புக்காகத் தொடர்ந்து போட்டது தியோஃபிலின் கலந்த மாத்திரை. தியோஃபிலின் 1888-இல் தேயிலையிலிருந்தே முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, காபியிலுள்ள கஃபீனுக்கு நெருங்கிய உறவு என்பதெல்லாம் எனக்குப் பின்னரே தெரிந்தது. குடோனில் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்து, கடைசி டீயை இரவு ஏழு மணிக்கு முடித்து, அதன்மேல் இந்த மாத்திரையையும் போட்டுவந்தேன்.

தூக்கத்துக்கென்று நானாகத் தேடிக்கொண்டது அல்பிரசோலம். சீட்டில்லாமலேயே ஒரு மருந்துக்கடையில் கொடுத்தார்கள். 2014 முதல் எச்1 என்ற அரசின் கட்டுப்பாட்டு மருந்துப் பட்டியலில் உள்ள இம்மருந்தை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்பதைத் தனிப் பதிவேட்டில் எழுதவும் வேண்டும். முதல் வாரம் அயர்ந்து தூங்கினேன். மூன்றாவது மாதம் அதே அளவு போதவில்லை. ஓர் இரவு விட்டால் முன்பைவிட மோசமாக விழித்திருந்தேன். மூச்சுக் கோளாறு உள்ளவர்களுக்கு இவ்வகை மாத்திரை மூச்சை மந்தமாக்கக்கூடும் என்பதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

கோவையில் நான் பார்த்த நெஞ்சக மருத்துவர், “போடற மாத்திரையெல்லாம் ஒரு பையில போட்டுக் கொண்டாங்க, எந்நேரத்துக்குப் போடறீங்கன்னும் எழுதிக் கொண்டாங்க” என்றார். மஞ்சப்பையில் கொண்டுபோனவற்றை மேசையில் பரப்பி, நேரத்தைக் கேட்டுக் கேட்டுக் குறித்தார். தூக்கம் கெடுவது இரவில் வரும் இளைப்பாலா, அதற்கான மருந்தாலா என்பதைப் பிரித்தறியவே அவ்வளவு கேள்விகளும். தியோஃபிலினை நிறுத்தி இன்ஹேலருக்கு மாற்றினார். பிரெட்னிசோலோன் தேவைப்பட்டால் காலை உணவுக்குப் பின் ஒரே வேளையாக எடுக்கச் சொன்னார். அல்பிரசோலத்தைப் பத்து வாரங்களில் சிறிது சிறிதாகக் குறைத்தார். கடைசி இரண்டு வாரங்கள் கடினமாகவே இருந்தன.

கூடவே அவர் பழக்கிய முறைதான் எனக்கு அதிகம் உதவியது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இந்த நடத்தைசார் சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது. எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழ வேண்டும்; தூக்கம் வந்த பிறகே படுக்க வேண்டும்; இருபது நிமிடம்போல் வரவில்லையென்றால் எழுந்து திண்ணையில் உட்கார வேண்டும். முதல் இரண்டு வாரம் பகலில் கண் சொருகியதால் தறிப் பக்கம் போகாமல் கணக்கு வேலையை மட்டும் பார்த்தேன். இதைத் தொடங்குபவர்கள் இந்தக் காலத்தில் இயந்திரத்தையும் வண்டியையும் தவிர்ப்பது அவசியம்.

எங்கள் அப்பாவின் தொல்லை வேறு. இதயத்துக்காகக் கொடுத்த நீர் மாத்திரையை இரவு எட்டு மணிக்குப் போட்டுவிட்டு சிறுநீர் கழிக்க நான்கு முறை எழுந்து நடந்தார். ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேலை செய்யும் ஃபுரோசமைடு அது. மருத்துவரிடம் கேட்டுக் காலைக்கு மாற்றியதும் அவருக்குத் தூக்க மாத்திரையே தேவைப்படவில்லை. சூடோஎஃபிட்ரின் கலந்த சளி மாத்திரை, மனச்சோர்வுக்கான ஃபுளூவாக்சிடின், மெட்டோபிரோலால் போன்ற சில இரத்த அழுத்த மாத்திரைகள், அளவு கூடிய தைராய்டு மாத்திரை ஆகியவையும் சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெட்டோபிரோலாலையும் நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டையும் திடீரென விடுவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இப்போது கடைசி டீ பிற்பகல் மூன்று மணிக்கு. பஞ்சு அதிகம் பறக்கும் நாட்களில் இன்னமும் சில இரவுகள் விழிப்பு வருகிறது. அன்றைக்குத் திண்ணையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் மறுபடியும் கண் அசந்துவிடுகிறது.