பழைய ஹைலக்ஸில் கேடிஎச் எஞ்சின்: மட்டக்குளி கராஜ் ஒன்றில் ஏழு கிழமைகள்

எங்களுடைய 1991ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் சிங்கிள் கெப், கொழும்பு பழைய சோனகத் தெருவிலிருந்து தண்ணீர்ப் பம்புகளையும் பிவிசி குழாய்களையும் ஏற்றிக்கொண்டு மாதத்தில் நான்கைந்து தடவை ஹட்டனுக்குப் போய்வரும் வாகனம். அப்பா வாங்கிய வண்டி. அதன் அடிச்சட்டமான சேசியில் இன்றைக்கும் துரு ஏறவில்லை. ஆனால் அதன் 2எல் வகை டீசல் எஞ்சின், கித்துல்கலையைத் தாண்டிக் கினிகத்தேனை ஏற்றத்தைத் தொட்டதும் இரண்டாம் கியருக்கு இறங்கி, பின்னால் வருகிறவர்களைக் கரும்புகையில் மறைத்துவிடும். சென்ற ஆண்டுப் புகைப் பரிசோதனையில் அது தவறியபோது ஒரு முடிவு எடுக்க வேண்டியதாயிற்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டது உண்மைதான். ஆனால் வரியோடு சேர்த்துப் புதிய கெப் ஒன்றின் விலையைக் கேட்டபின், இருக்கும் வண்டிக்கு வேறோர் எஞ்சின் பூட்டுவதே எங்களுக்கு ஏற்ற வழி என்று தோன்றியது. அந்த வேலையைச் செய்துதந்த மட்டக்குளி கராஜைப் பற்றி, குறைகளையும் மறைக்காமல் இங்கே எழுதுகிறேன்.

முதலில் மூன்று இடங்களில் விசாரித்தேன். இரண்டு இடங்களில் தொலைபேசியிலேயே ஒரு தொகையும் ஒரு திகதியும் சொன்னார்கள். மட்டக்குளி கராஜின் தலைமை மெக்கானிக்கான பாஸ் மட்டும் விலை எதுவும் சொல்லாமல், வண்டியையும் பதிவுச் சான்றிதழையும் கொண்டுவரும்படி கேட்டார். போனதும் பானட்டைத் திறக்கவில்லை. வண்டியை உயர்த்தி சேசியையும், பிரேக் குழாய்களையும், பின்அச்சையும் அரை மணித்தியாலம் பார்த்தார். பிறகு அவர் சொன்ன வார்த்தைகள் இவை: “தம்பி, எஞ்சினை இறக்கி ஏத்திறது ரெண்டு நாள் வேலை. வயரிங்தான் ரெண்டு கிழமை எடுக்கும். பேப்பர் அதை விடவும் எடுக்கும்.” வேலை முடிந்தபோது இந்தக் கணக்கில் கிழமைகள் கூடினவே தவிர, வரிசை மாறவில்லை.

அவர் பரிந்துரைத்தது டொயோட்டாவின் 2கேடி டீசல் எஞ்சின். கொழும்பில் ஓடும் கேடிஎச் ஹைஏஸ் வான்கள் பலவற்றில் இருப்பது இதுதான் என்பதால் உதிரிப்பாகங்களுக்கு அலைய வேண்டியதில்லை. கைதேர்ந்த மெக்கானிக்குகளும் நிறைய உண்டு. பழைய 2எல் எஞ்சின் 2446 கனசென்டிமீற்றர், 2கேடி 2494. கொள்ளளவில் வேறுபாடு வெறும் 48தான். இருந்தும் முன்னதன் முறுக்குவிசை ஏறத்தாழ 165 நியூட்டன் மீற்றர், பின்னதற்கோ 260. பழையதில் டர்போ இல்லை. டீசல் முதலில் ஒரு சிற்றறைக்குள் பீய்ச்சப்பட்டு அங்கே எரியத் தொடங்கிப் பிறகுதான் சிலிண்டருக்குள் பரவுகிறது. புதியதில் டர்போ காற்றை அழுத்தி அனுப்ப, பொது ரெயில் எனப்படும் ஒரே குழாயிலிருந்து மிகையழுத்தத்தில் வரும் டீசலைக் கணினி அளந்து நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கிறது. சுமையோடு ஏற்றம் ஏறுபவனுக்கு, குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் அந்த இழுவைதான் வேண்டியது.

இந்தக் கராஜின் மீது எனக்கு மதிப்பு உண்டானது, பழைய உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் எஞ்சின் தெரிவு செய்த நாளில். பாஸும் அவருடைய உதவியாளரும் என்னோடு வந்தார்கள். முதலில் காட்டப்பட்ட எஞ்சின் வெளியே நன்றாகக் கழுவித் துடைக்கப்பட்டு, பார்த்தவுடன் வாங்கத் தோன்றும்படி இருந்தது. பாஸ் அதன் அடியிலிருக்கும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றித் தரும்படி கேட்டார். கடைக்காரர் தயங்கினார், பிறகு சம்மதித்தார். உள்ளே எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலை, தார் போன்ற கரிய பசையால் பாதிக்கு மேல் அடைபட்டுக் கிடந்தது. கேடி குடும்ப எஞ்சின்களின் அறியப்பட்ட நோய் இது. டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களின் அடியில் இருக்கும் செப்பு வளையங்கள் தேய்ந்தால் எரிந்த புகை மேலே கசிந்து எண்ணெயோடு கலக்கிறது. எண்ணெய் கரிந்து பசையாகி வலையை அடைக்கிறது. எண்ணெய் அழுத்தம் விழுந்ததும் பெயரிங்குகளும் டர்போவும் போய்விடுகின்றன. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இதில் எதுவும் தெரியாது. இரண்டாவது எஞ்சினின் வலை சுத்தமாக இருந்தது, நான்கு சிலிண்டர்களின் அமுக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றது, அதைத்தான் வாங்கினோம். வாங்கிய பிறகும் அதை அப்படியே பூட்டாமல், நான்கு இன்ஜெக்டர்களுக்கும் புதிய செப்பு வளையங்கள் போட்டு, டைமிங் பெல்ட்டையும் தண்ணீர்ப் பம்பையும் மாற்றினார்கள். எஞ்சின் முன்பு எப்படி ஓடியது என்று அறிய வழியில்லாதபோது இந்தச் செலவைத் தவிர்க்கக் கூடாது என்று பாஸ் பிடிவாதமாக நின்றார். அன்று அது எனக்குக் கசந்தது. இப்போது நன்றியோடு நினைக்கிறேன்.

பூட்டும் வேலையில் நான் கண்ணால் பார்த்தவற்றைச் சொல்கிறேன். வானின் எஞ்சின் வேறொரு சேசிக்காக வார்க்கப்பட்டது. அதன் தாங்கிகளும் எண்ணெய்த் தொட்டியின் வடிவமும் ஹைலக்ஸின் குறுக்குச் சட்டத்தோடு பொருந்தவில்லை. சட்டத்தை வெட்டாமல் புதிய தாங்கிகளைச் செய்து பற்றவைத்தார்கள். தொட்டியை மட்டும் ஸ்டியரிங் தண்டுகளில் இடிக்காதபடி திருத்தினார்கள். கியர்பெட்டி எஞ்சினோடு வந்ததே. ஆகவே புரொப்பெல்லர் தண்டின் நீளத்தை மாற்றி, சமநிலையும் பார்த்துப் பூட்டினார்கள். ரேடியேட்டர் பெரியதாக மாற்றப்பட்டது. பழைய டீசல் டாங்கை இறக்கி உள்ளே கழுவியபோது வெளிவந்த துருவைப் பார்த்து நானே திடுக்கிட்டேன். பழைய பம்ப் அதைப் பொறுத்துக்கொண்டது, பொது ரெயில் இன்ஜெக்டர்களின் நுண்துளைகளோ ஒரு கிழமைகூடத் தாங்கியிருக்க மாட்டா. நீரைப் பிரிக்கும் வடிகட்டி ஒன்றை வழியில் கூடுதலாகச் சேர்த்தார்கள்.

வயரிங் வேலையைத் தனியாகப் பாராட்ட வேண்டும். வானின் கணினியையும் வயர் தொகுதியையும் முழுதாக எடுத்து, தேவையற்ற இணைப்புகளை நீக்கி, மிஞ்சியவற்றை டாஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் படாத இடத்தில் வைத்து, ஒவ்வொரு வயரிலும் அடையாளச் சீட்டு கட்டியிருக்கிறார்கள். எஞ்சின் பரிசோதனை விளக்கும், கணினிக் கருவி செருகும் துவாரமும் உண்டு. நாளை நடுவழியில் ஏதும் கோளாறு வந்தால் ஹட்டனிலுள்ள வேறொரு மெக்கானிக்கும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாம்.

குறைகளும் உண்டு. நான்கு கிழமையில் முடியும் என்று சொல்லப்பட்ட வேலை ஏழு கிழமை எடுத்தது. தாமதத்திற்குக் காரணம் இருக்கலாம், ஆனால் அதை அவர்களாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் நான்தான் போன் செய்து கேட்க வேண்டியிருந்தது. அந்த நாட்களில் வாடகை லொறிக்குக் கொடுத்த காசு என் கணக்கில் இருக்கவே இல்லை. வண்டி கைக்கு வந்த முதல் நாளே, நிறுத்தி வைத்திருக்கும்போது இருக்கை முழுவதும் நடுங்கியது. தாங்கிகளின் இறப்பர் கடினமாக இருந்ததே காரணம், மென்மையானவற்றை இலவசமாக மாற்றித் தந்தார்கள். வெப்பமானி முள்ளும் உண்மையைவிடக் குறைவாகக் காட்டியது. கணினிக்கென்று ஓர் உணரி, டாஷ்போர்டு முள்ளுக்கென்று பழைய உணரி என்று இரண்டையும் வைத்திருந்தார்கள். பழையது சரியான இடத்தில் இருக்கவில்லை. மலையேறும் வண்டியில் இது சிறிய பிழையல்ல. ஒப்படைப்பதற்கு முன் அவர்களே சுமையோடு ஓட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

பத்திரங்களைப் பொறுத்தவரை, எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டையும் சுங்கப் பத்திரங்களின் பிரதிகளையும் வாங்கும்போதே கேட்டுப் பெறும்படி பாஸ் முதல் நாளிலேயே எச்சரித்திருந்தார். அவற்றோடு நாரஹேன்பிட்டி மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விண்ணப்பித்து, வாகனத்தைக் காட்டி, புதிய எஞ்சின் இலக்கத்தைச் சான்றிதழில் பதிந்துகொண்டோம். சான்றிதழில் ஓர் இலக்கமும் பானட்டுக்குள் வேறோர் இலக்கமும் இருக்கும் வண்டியை நல்ல விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள். விபத்தொன்று நேர்ந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும். காப்புறுதி நிறுவனத்திற்கும் எழுத்தில் அறிவித்திருக்கிறேன். புகைப் பரிசோதனையில் இம்முறை முதல் தடவையிலேயே சித்தி.

அதன் பிறகு ஆறு தடவை ஹட்டன் போய்வந்தாயிற்று. கினிகத்தேனை ஏற்றத்தில் முன்பு இரண்டாம் கியரில் தவழ்ந்த அதே சுமை, இப்போது மூன்றாம் கியரில் அமைதியாக ஏறுகிறது. வெப்பமானி முள் நடுவிலிருந்து அசைவதில்லை. முன்பு லீட்டருக்கு ஒன்பது கிலோமீற்றர் ஓடியது, இப்போது பதினொன்றுக்குக் கிட்ட ஓடுகிறது. ஆனால் இறக்கத்தில் நான் கவனமாக இருக்கிறேன். எஞ்சின் புதிதானாலும் பிரேக் 1991ஆம் ஆண்டுக்குரியது. முன்சக்கர டிஸ்க்குகளையும் பின்சக்கர லைனர்களையும் மாற்றினோம் என்றாலும், வட்டவளையிலிருந்து கீழே வரும்போது பழைய வேகத்திலேயே, கியரில் பிடித்துத்தான் வருகிறேன்.

செலவைக் கேட்பவர்களுக்கு: எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் கொடுத்த தொகையில் பாதிக்கு மேல், ரேடியேட்டர், வடிகட்டி, பெல்ட், தாங்கிகள், பிரேக், கூலி என்று தனியாகப் போயிற்று. எஞ்சின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். சேசி துருப்பிடித்த வண்டிக்கு இது தகாது; அப்படிப்பட்ட ஒன்றை நான் அங்கிருந்த நாட்களிலேயே பாஸ் திருப்பி அனுப்பினார். சேசி உறுதியாக இருந்து, அவசரமில்லாமல் ஒன்றரை மாதம் வண்டியை விட்டுவைக்க முடிந்தவர்கள் மட்டக்குளிக்குத் தாராளமாகப் போகலாம்; திகதியை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். ஐயாயிரம் கிலோமீற்றர் ஓடியதும் எண்ணெய்த் தொட்டியைக் கழற்றி அந்த வலையை மறுபடி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் அறுநூறு கிலோமீற்றர் மிச்சம் இருக்கிறது.