குட்டி வந்த வீட்டுக்கு எந்தத் தரை: பளபள டைல்ஸா, மேட் டைல்ஸா, பழைய சிவப்புத் தரையா?

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு ஹாலில் தாத்தா காலத்துச் சிவப்பு சிமென்ட் தரை. நாலைந்து இடத்தில் விரிசல், சுவரோரம் உப்புப் பூத்துப் பொரிந்திருந்தது. மாற்றிவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோதே ஒன்பது வார நாட்டு நாய்க்குட்டி ஜிம்மி வந்து சேர்ந்தது. அதோடு கணக்கே மாறிப்போனது.

எல்லோருக்கும் முதலில் பிடிப்பது பளபள விட்ரிஃபைடு டைல்ஸ்தான். எனக்கும் அந்த ஆசை இருந்தது, எதிர்வீட்டு ஹாலில் ஜிம்மியை இறக்கிவிடும்வரை. நாலடி ஓடியது. பின்னங்கால் இரண்டும் ஆளுக்கொரு பக்கம் விரிந்து வயிறு தரையில் பட்டது. எழுந்தது, மறுபடி வழுக்கியது. மூன்றாம் தடவை எழவே இல்லை. நகத்தை ஊன்றிக்கொண்டு அப்படியே என் முகத்தைப் பார்த்தது. மூட்டெல்லாம் இன்னும் கெட்டிப்படாத வயது. லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வரும் இனத்தை வளர்ப்பவர்கள் இந்த டைல்ஸ் பக்கமே போக வேண்டாம் என்பேன்.

விட்ரிஃபைடு தண்ணீரை உறிஞ்சாது என்பார்கள். உண்மைதான், 0.5 சதவீதத்துக்கும் கீழேதான் உறிஞ்சும். ஆனால் மூத்திரம் இறங்குவது டைல்ஸில் இல்லை, ஜாயின்டில். ஜாயின்டை அடைக்கிற பூச்சுக்குப் பெயர் கிரவுட், சாதாரண சிமென்ட் கிரவுட் மூத்திரத்தைக் குடித்துவிடும். வாசனை நிற்கிற இடத்துக்கே குட்டி திரும்பத் திரும்பப் போகும். ஈரம் உறிஞ்சாத எபாக்ஸி பிசின் கிரவுட் கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் அந்தக் காசு வீண்போகாது.

பளபளப்பில்லாத மேட் டைல்ஸில் கால் நிற்கிறது. குறை என்னவென்றால், சொரசொரப்பில் அழுக்கு பிடிக்கும், வெறும் மாப் போட்டால் போகாது, பிரஷ் வேண்டும். ரொம்பச் சொரசொரப்பானது பாத்ரூமுக்குத்தான் சரி.

சிவப்புத் தரைமேல் எனக்குத் தனிப் பாசம். மே மாத மதியத்தில் அதில் படுத்தவர்களுக்குத் தெரியும். தேய்ந்த பழைய தரையில் ஜிம்மி ஒருமுறைகூட வழுக்கவில்லை. ஆனால் புதிதாகக் கண்ணாடி மாதிரி மெருகேற்றினால் அதுவும் வழுக்கத்தான் செய்யும். ஒட்டுப்போட்ட இடத்தில் பழைய நிறம் வரவே வராது. இதைப் பதமாகப் போடத் தெரிந்த கொத்தனாரும் இப்போது அபூர்வம். தவிர, எங்கள் பக்கத்து மண்ணில் ஓதம், அதாவது அடி ஈரம், ஏறிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தாமல் மேலே எதைப் போட்டாலும் நிலைக்காது, டைல்ஸும் தூக்கிக்கொள்ளும்.

பாய் போல விரிக்கும் பிவிசி ஷீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பல் முளைக்கும் குட்டி ஓரத்தைக் கடித்துப் பிய்த்து விழுங்கிவிடும்.

பலர் யோசிக்காமல் விடுவது வேலை நடக்கும் நாட்களை. சிவப்புத் தரை போட்டால் ஒரு வாரமாவது தண்ணீர் கட்ட வேண்டும், அதுவரை ஹால் கிடையாது. பழைய தரை கெட்டியாக இருந்தால் அதன் மேலேயே பசை போட்டு டைல்ஸ் ஒட்டலாம். ஒட்டி ஒரு நாள் கழித்து ஜாயின்ட் அடைக்கலாம். தடுப்பூசி முழுதாக முடியாத குட்டியைத் தெருவிலும் விட முடியாது, குட்டிகளின் உயிரையே எடுக்கும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். டைல்ஸ் அறுக்கிற மெஷின் சத்தம் வேறு. மூன்று வார வயதிலிருந்து பதினாலு வார வயதுவரை குட்டியின் மனதில் பதிகிற பயம் லேசில் போகாது. அறுக்கிற வேலையைத் தெருப்பக்கம் வைக்கச் சொல்லி, குட்டியைப் பின்கட்டில் வைத்துக்கொண்டோம்.

அப்படியும் ஒருநாள் நழுவி வந்துவிட்டது. “தம்பி, குட்டிய மொதல்ல தூக்கு, ஈர சிமென்ட்டு கால வெந்துபோக வச்சிரும்” என்று கொத்தனார் கத்தினார். அவர் சொன்னது சரி, ஈர சிமென்ட்டின் காரம் தோலை அரிக்கும். நாலு காலையும் குழாயடியில் விரலிடுக்குவரை கழுவினேன்.

கடைசியில் ஹாலுக்கு மேட் டைல்ஸ், எபாக்ஸி கிரவுட். பின்கட்டுச் சிவப்புத் தரையை விரிசல் மட்டும் அடைத்து அப்படியே விட்டோம். நீங்கள் வாங்குவதாக இருந்தால், கடையில் சாம்பிள் நாலைந்து கேட்டு வாங்கி வாருங்கள். வரிசையாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, அந்தப் பக்கம் நின்று குட்டியைக் கூப்பிடுங்கள்.