சாணியா, பாசியா? கள்ளுவடிசாலைக் கழிவுக்கு எது துணை

பனங்கள்ளைக் காய்ச்சிச் சாராயம் வடிக்கும் இடத்துக்குப் பின்னால் போய் நின்றால் மூக்கே விசயத்தைச் சொல்லிவிடும். கள்ளில் மதுசாரம் ஏறக்குறைய 5 வீதம்தான். 100 லீற்றர் வடித்தால் 90 லீற்றருக்குக் கிட்டக் கழிவாக மிஞ்சும். சூடு, புளிப்பு, செத்த மதுவம் (கள்ளைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்) எல்லாம் அதற்குள். மூடிய தாங்கியில் விட்டு எரிவாயு எடுப்பதுதான் நல்லது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்தப் புளிப்பைத் தனியாக விட்டால் மீதேன் தரும் நுண்ணுயிர் சோர்ந்துபோகும். துணைக்கு ஒன்று வேண்டும். பட்டிச் சாணியா, இப்போது பலர் பேசும் நுண்பாசியா, அதாவது தண்ணீரைப் பச்சையாக்கும் மிகச் சிறிய பாசியா?

பாசிக்காகச் சொல்லப்படும் காரணம் சரியானதே. கழிவில் காபன் கூட, பாசியில் நைதரசன் கூட. இரண்டும் கலந்தால் சமநிலை வரும். சரி, கணக்குப் பார்ப்போம். மொலாசஸ் (சீனி ஆலைப் பாகு) வடிசாலைக் கழிவு 1,000 லீற்றரில் இரசாயன ஒட்சிசன் கேள்வி, அதாவது உக்கக்கூடிய பொருள் எவ்வளவு என்று காட்டும் அளவு, 80 கிலோ வரை இருக்கும். கிலோவுக்கு 0.35 கனமீற்றர் மீதேன் என்பது உச்சம், ஆக 28 கனமீற்றர். கள்ளுக் கழிவு ஐதானது, மூன்றில் ஒன்று என்றே வைத்தாலும் 9 வருகிறது. திறந்த தொட்டியில் வளரும் பாசியோ லீற்றருக்கு அரைக் கிராம். 1,000 லீற்றர் பச்சைத் தண்ணீரில் அரைக் கிலோ. அதில் கிடைப்பது 0.15 கனமீற்றர் அளவு. ஒரு பானை சோறு வேகும், அவ்வளவுதான்.

அந்த அரைக் கிலோவைப் பிடிப்பதும் லேசில்லை. ஒரு போத்தலில் எடுத்து நாள் முழுக்க வைத்துப் பார்த்தேன். பச்சை அப்படியே மிதந்தது. சேலைத்துணியில் வடித்தால் துணி பச்சையானது, தண்ணீரும் பச்சையாகவே இறங்கியது. குளோரெல்லா என்ற பாசி இனம் என்றால் கலச்சுவரும் தடிப்பு, தாங்கிக்குள் போனாலும் சுணங்கித்தான் உடையும். சாணி தானாகவே நுண்ணுயிரையும் கொண்டுவரும், புளிப்பையும் தாங்கும். மாடு மேய்ந்து திரிந்தாலும் இரவில் பட்டிக்கு வருகிறதே, விடிய அள்ளலாம்.

பாசியால் எரிவாயுவைச் சுத்தப்படுத்தலாம் என்பதும் உண்மை, காபனீரொட்சைட்டைக் குடித்துவிடும். அடுப்புக்கு அது தேவையில்லை, 60 வீத மீதேன் நன்றாகவே எரியும். அதோடு பாசி விடும் ஒட்சிசன் வாயுவுக்குள் கலந்தால் ஆபத்து. வாயுவில் வரும் கெட்ட முட்டை நாற்றத்தை நீக்கத் துருப்பிடித்த இரும்புத் துருவல் போதும்.

பாசிக்கு இடமே இல்லையா என்றால், தாங்கிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே வரும் தண்ணீரில் அமோனியா நிறைய, அதில் பாசி செழிக்கும். பிறகு பயிருக்கு விடலாம். ஆனால் அந்தத் தண்ணீர் சாயத்தண்ணி நிறம், பலமடங்கு நல்ல தண்ணீர் கலந்தால்தான் வெளிச்சம் உள்ளே போகும். இங்கேதான் வட இலங்கையின் வன்னியில் வரட்சி இடிக்கிறது. பனங்கள் கூட இறங்குவது கோடையில். கச்சான் காற்று அடிக்கும் நாளில் 5 மில்லிமீற்றர் வற்றினாலே 100 சதுரமீற்றர் தொட்டிக்கு 500 லீற்றர் போய்விடும். கிணற்றில் வாளி தட்டும் காலத்தில் அதை எங்கிருந்து ஊற்றுவது? தென்னங்கள் வடிக்கிறவர் மாரியில் ஒரு சின்னத் தொட்டி போட்டுப் பார்க்கலாம்.