அடுப்படியை மாற்றிக் கட்டி நாலு வருஷம் புழங்கின பிறகு எது தாங்குகிறது?

புது அடுப்படி முதல் ஆறு மாதம் எந்த வீட்டிலும் அழகாகத்தான் இருக்கும். அது எப்படிக் கட்டப்பட்டது என்று பார்க்க வேண்டுமானால், மூன்று நான்கு வருஷம் கழித்து சிங்குக்குக் கீழே இருக்கும் கதவைத் திறக்க வேண்டும். ஆனையூர், திருப்பாலை, ஒத்தக்கடை, திருநகர் என்று மதுரையில் எந்தப் பக்கம் போனாலும் சேதம் பெரும்பாலும் அந்த இரண்டடி இடத்தில்தான் தொடங்கியிருக்கும். செலவோ கதவின் பளபளப்புக்குப் போயிருக்கும்.

அங்கே நடப்பது இதுதான். சிங்கின் அடியில், கழிவுத் துளையையும் குழாயையும் இணைக்கும் கப்ளிங்கைப் பிடித்திருக்கும் ரப்பர் வாஷர் இறுகிப் போகிறது, சுற்றிலும் பூசிய சிலிக்கான் ஒரு ஓரத்தில் விடுகிறது. சொட்டாக விழுந்தால் கண்ணில் படும். இது விழாது, குழாயின் வெளிப்புறமாக வழிந்து பின்பலகையின் அடி விளிம்பில் போய் உட்காரும். போர் தண்ணீர் என்பதால் ஈரம் காய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடாக உப்பு பூத்திருக்கும். அந்தக் கோடு தெரியும்போது மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் டீயில் நனைந்த பிஸ்கட் மாதிரி ஏற்கெனவே உப்பியிருக்கும். எம்டிஎஃப் பலகைக்கும் அதே கதிதான். ஈரம் நின்ற இடத்தைக் கரையானும் தேடி வரும்.

ஆகவே சிங்குக்குக் கீழே மரமே வேண்டாம். இரண்டு பக்கமும் கடப்பா கல் நிறுத்தி, பின்சுவருக்கும் தரைக்கும் டைல்ஸ் ஒட்டி, அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டால் போதும். உள்தரையை வெளித்தரையைவிட அரை அங்குலம் உயர்த்தி, முன்பக்கம் லேசாக வாட்டம் (சரிவு) கொடுத்தால், கசிவு வந்த அன்றே தண்ணீர் வெளியே எட்டிப் பார்க்கும். மற்ற பெட்டிகளுக்கு ஐஎஸ் 710 முத்திரை உள்ள, மரைன் தர பிளைவுட் நன்றாகத் தாங்குகிறது. ஆனால் வெட்டிய விளிம்பு, ஸ்க்ரூ ஓட்டை, குழாய்க்குப் போட்ட துளை எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். பலகையின் முகத்தை விட்டுவிட்டு தண்ணீர் வெட்டுவாய் வழியாகத்தான் ஏறும்.

பிவிசி பலகைக்கும், மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகைக்கும் தண்ணீரும் கரையானும் பிரச்சினை இல்லை. அவற்றின் பலவீனம் ஸ்க்ரூ பிடிப்பு. தினமும் இருபது முப்பது தடவை திறக்கிற கதவில் கீல் தளர்கிறது. இரண்டடிக்கு மேல் நீளமான தட்டில் பித்தளைப் பாத்திரத்தை அடுக்கினால் நடுவில் தொய்கிறது. நடுவில் ஒரு தாங்கல் கொடுத்தால் இது தீரும், ஆனால் கொட்டேஷனில் அது இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

மேடை உயரத்தில் எல்லோரும் 34 அங்குலம் என்று எழுதிவிடுகிறார்கள். மேடை 34, கேஸ் அடுப்பு 6, குழம்புச் சட்டி 9 என்று கூட்டினால் சட்டியின் வாய் 49 அங்குலத்தில் நிற்கும். ஐந்தடி உயரமுள்ளவர் தோளைத் தூக்கிக்கொண்டுதான் கிண்ட வேண்டும். காய் நறுக்குகிற இடத்துக்கு, நேராக நின்று முழங்கை மடித்த உயரத்திலிருந்து 4 அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். பலருக்கு அது 32, 33 அங்குலத்தில் வரும். அடுப்பு வைக்கிற மூன்றடியை மட்டும் 29, 30 அங்குலத்துக்கு இறக்கினால் வருஷக்கணக்கில் தோளுக்கு நிம்மதி. கிரானைட்டில் ஒரு படி வரும், சுத்தம் செய்யக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். ஆனால் இறக்கிய மேடைக்குக் கீழே சிலிண்டரும் ரெகுலேட்டரும் இடிக்கும், சிலிண்டரை வெளியே கொண்டுபோவதை அப்போதே திட்டமிட வேண்டும். எங்கே வைத்தாலும் நிமிர்ந்து நிற்க வேண்டும், அந்த அறையின் தரைமட்டத்தில் காற்றுவழி வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும்.

மேடைக்கு மேலூர்ப் பக்கத்து வெளிர்நிற கிரானைட் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். அது எண்ணெயையும் மஞ்சளையும் குடிக்கும், சீலர் பூசாமல் விட்டால் அடுப்போரம் நிரந்தரக் கறை. கறுப்பு கிரானைட்டில் கறை பிடிக்காது, ஆனால் போர் தண்ணீரின் உப்புத் திட்டு தெரியும். துடைத்தால் போகிறது என்பதால் கறுப்பே மேல். கறுப்பு குவார்ட்ஸ் சிங்குக்கு இந்தச் சலுகை இல்லை, அதன் சொரசொரப்பில் உப்பு இறங்கிவிடும். 304 தர எவர்சில்வர் சிங்க், 24க்கு 18, ஆழம் 9 அங்குலம், இட்லிச் சட்டி முழுதாகப் படுக்கும். மேடை ஓரத்தின் அடியில் ஒரு மெல்லிய சொட்டுக்கோடு அறுக்கச் சொல்லுங்கள். வழிகிற தண்ணீர் கதவுக்குப் போகாமல் அங்கேயே சொட்டிவிடும்.

மாநகராட்சித் தண்ணீருக்கும் போர் தண்ணீருக்கும் தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு. குழாய் வாயில் இருக்கும் வலையைக் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது இங்கே மாதாந்திர வேலை, கையால் கழற்ற முடிகிற மாடலாக வாங்குங்கள். கழிவுக் குழாய் தரைக்குள் போகிற இடத்தில் 75 மில்லிமீட்டர், நாற்பது அடிக்கு ஓரடி வாட்டம். வாட்டம் குறைந்தால் எண்ணெய் உறையும்.

மின்சாரத்தில் ஒரு கணக்குப் போதும். இண்டக்‌ஷன் 2000 வாட், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200. மூன்றும் ஓடினால் 4700 வாட், 20 ஆம்பியருக்கு மேல். ஒரே லைனில் இழுத்தால் டிரிப் ஆகும், ஆகாவிட்டால் அதைவிட மோசம். ஆகவே 16 ஆம்பியர் சாக்கெட்டுகளுக்கு இரண்டு தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர், ஈரக்கை படுகிற இடம் என்பதால் மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கிற 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி. கிரைண்டருக்கு 24 அங்குல உயரத்தில் ஒரு தாழ்ந்த மேடையும் பக்கத்திலேயே சாக்கெட்டும் வைத்துவிடுங்கள். தூக்கி இறக்க வேண்டிய கிரைண்டர் பரணுக்குப் போய்விடும்.

சிம்னியின் வெளிவாயை மேற்கே வைத்தால் ஆடிக்காற்று புகையை உள்ளே திருப்பும். ஜன்னலுக்கும் அதே யோசனைதான், மேற்கு ஜன்னலுக்கு நேரே பர்னர் வேண்டாம்.

அடுப்படியைப் பின்னால் நீட்டிக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு இடத்தில் கவனம் வேண்டும்: பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் கோடு. பழைய அஸ்திவாரம் இறங்கி உட்கார்ந்து முடிந்தது, புதுசு இனிமேல்தான் உட்காரும். பழைய சுவரில் செங்கலை இடைவிட்டுப் பறித்து, புதுச் சுவரைப் பல் மாதிரி கோத்துக் கட்டினால் முதல் மழைக்குள் செங்குத்தாக விரிசல் வரும். திருமங்கலம், கள்ளிக்குடி பக்கத்துக் கரிசலில் கேட்கவே வேண்டாம், மண்ணே வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். சுவரோரம் ஒரு குழி தோண்டிப் பழைய அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள், புதுசும் அதே மட்டத்தில் நிற்கட்டும். அதைவிட ஆழம் வேண்டியிருந்தால் பொறியாளர் இல்லாமல் தோண்டக் கூடாது, பழைய சுவருக்கு அடியில் மண் சரியும். இரண்டு சுவருக்கும் நடுவே அரை அங்குலம் விட்டு, நுரைக் கயிறு திணித்து, நெகிழ்கிற சீலண்ட் அடியுங்கள். புதுக் கூரையைப் பழைய கூரையைவிட ஓரடி தாழ்த்தி, வாட்டத்தை வெளிப்பக்கம் விட்டால் மழை அந்தக் கோட்டில் நிற்காது. விதிப்படி விட வேண்டிய பக்க இடைவெளியை விழுங்கும் நீட்டிப்புக்குத் தமிழ்நாட்டின் 2019 ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பொதுவாக அனுமதி கிடைக்காது, வரைபடத்தை முதலில் அதை வைத்துப் பாருங்கள்.

தை பிறந்ததும் தொடங்குவது நல்லது. சித்திரைத் திருவிழா வந்துவிட்டால் கொத்தனார், ஆசாரி யாரையும் எதிர்பார்க்க முடியாது, நியாயமும் அதுதான். பங்குனிக்குப் பிறகு போட்ட பூச்சுக்குத் தண்ணீர் காட்டுவதும் பெரும்பாடு. காலையில் நனைத்தது பத்து மணிக்குக் காய்ந்துவிடும், ஈரச்சாக்கு போட்டு மூட வேண்டும்.

பூச்சுக்கு முன், சுவரில் குழாயும் வயரும் ஓடுகிற இடங்களை டேப் பிடித்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன் சிங்கை அடைத்து விளிம்பு வரை நிரப்பி ஒரே மூச்சில் திறந்துவிட்டு, கப்ளிங்கைச் சுற்றி உலர்ந்த காகிதத்தை வைத்து ஒற்றிப் பாருங்கள். மறுநாளும் ஒரு தடவை. இரண்டு நாளும் காகிதம் காய்ந்தே இருந்தால் பணத்தைக் கொடுக்கலாம்.