எங்கள் தெரு ஃபைபர் இணைப்பு: படம் பார்க்கப் பிரமாதம், சர்வர் வைக்க?

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தெருவுக்கு முன்பு கேபிள் டிவி வயர் இழுத்த அண்ணாச்சிதான் இப்போது ஃபைபரும் கொடுக்கிறார். 100 எம்பிபிஎஸ், மாதம் 650 ரூபாய். எட்டு மாதத்தில் வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் தேவைதான் வேறு. வள்ளியூரிலும் சங்கரன்கோவிலிலும் இருக்கும் அக்கா பிள்ளைகளோடு மைன்கிராஃப்ட் கேம் ஆட, மே லீவில் பழைய லேப்டாப்பை சர்வராக்கினேன், அதாவது எல்லோரும் வந்து சேரும் ஆட்டக்களமாக. ரூட்டரில் 25565 போர்ட்டை (அந்த கேமுக்கு வெளியிலிருந்து வருபவர்கள் நுழையும் வாசல் எண்) லேப்டாப்புக்குத் திருப்பிவிட்டு, விண்டோஸ் ஃபயர்வாலில் ஜாவாவுக்கு அனுமதியும் கொடுத்தாயிற்று. வீட்டுக்குள் ஜோராக ஓடியது. வள்ளியூரிலிருந்து மட்டும், "மாமா, டைம்டு அவுட்னே வருது." இரண்டு ராத்திரி இதிலேயே போனது. ஆத்திரத்தில் ஃபயர்வாலை மொத்தமாக அணைத்தும் பார்த்தேன் (நீங்கள் செய்யாதீர்கள்). அப்போதும் அதேதான்.

மூன்றாம் நாள்தான் ரூட்டரின் வேன் (WAN) முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரூட்டருக்குக் கொடுத்த முகவரியை, பார்க்கத் தோன்றியது. 100.72 என்று தொடங்கியது. சரி, சோலி முடிந்தது! 100.64 முதல் 100.127 வரையிலான முகவரிகள் இணைய நிறுவனங்கள் உள்ளுக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கியவை. இந்த வகை இணைய முகவரிகள் (ஐபிவி4) மொத்தமே சுமார் 430 கோடி. எல்லா வீட்டுக்கும் ஒன்று கொடுக்க வழியில்லாததால் பல வீடுகளை ஒரே வெளி முகவரிக்குள் அடைக்கிறார்கள். சிஜிநாட் என்று பெயர். நம்ம ஊர் வளவு மாதிரி: உள்ளே பத்துக் குடித்தனம், தெருவாசல் ஒன்று. என் வீட்டுக் கதவை நான் அகலத் திறந்து வைத்து என்ன, தெருவாசல் சாவி வளவுக்காரரிடம் அல்லவா இருக்கிறது!

ஆபீசுக்கு போன் போட்டால், "ரூட்டரை ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்." நாலாவது போனில்தான் விஷயம் தெரிந்த ஒரு தம்பி கிடைத்தான். ஸ்டாட்டிக் ஐபி, அதாவது நமக்கென்றே மாறாத ஒரு வெளி முகவரி, உண்டாம், மாதம் 200 ரூபாய் கூட. இதை இணைப்பு கொடுக்கும்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அது வந்து சேர 11 நாள். அதுவரை கைகொடுத்தது டெயில்ஸ்கேல், வெவ்வேறு ஊர்க் கணினிகளை ஒரே வீட்டு நெட்வொர்க் போல இணைக்கும் மென்பொருள். மூன்று வீட்டுக் கணினியிலும் போட்டேன். போர்ட் திறக்கும் வேலையே இல்லை. வேடிக்கை என்னவென்றால் அதுவும் அதே 100 வரிசையில்தான் முகவரி கொடுக்கிறது, முதலில் குழம்பிவிட்டேன். வள்ளியூர் நேராகச் சேர்ந்தது. சங்கரன்கோவில் மட்டும் சில நாள் ரிலே (இடையில் நிற்கும் வேறொரு சர்வர்) வழியாகச் சுற்றிப் போனதால், வெட்டிய கல் ஒரு நொடி கழித்துத்தான் உடைந்தது.

ஸ்டாட்டிக் ஐபி வந்ததும் ஐந்து நிமிட வேலை. ஆனால் மறுநாளே சர்வரின் பதிவேட்டில் (லாக்) முன்பின் தெரியாத முகவரிகள் வந்து தட்டிவிட்டுப் போயிருந்தன. உடனே வொயிட்லிஸ்ட் போட்டு எங்கள் நாலு பெயரை மட்டும் விட்டேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். அரை மதிப்பெண் அந்த நாலாவது போன் தம்பிக்கு. இப்போது வரும் ஒரே புகார் கரண்ட் போகும்போதுதான்: லேப்டாப் பேட்டரியில் நிற்கிறது, ரூட்டர் படுத்துவிடுகிறது. அதற்கு 12 வோல்ட் மினி யுபிஎஸ் ஒன்று வாங்கும்வரை மருமகன் போனில் கத்திக்கொண்டுதான் இருப்பான்.