யு.எஸ்-05 ஈஸ்ட்: பேல் ஏல் காய்ச்சுகிறவர்களுக்கு

வீட்டில் அமெரிக்கன் பேல் ஏல் என்ற பீர் வகையைக் காய்ச்சுகிறவர்கள் ஈஸ்ட்டுக்காக ரொம்ப அலைய வேண்டாம். ஃபெர்மென்டிஸ் நிறுவனத்தின் சாஃப்ஏல் யு.எஸ்-05 உலர் ஈஸ்ட் போதும். 11.5 கிராம் பொட்டலம் ஒன்று 20 லிட்டருக்குச் சரியாக வரும். தண்ணீரில் ஊறவைக்கும் சடங்கெல்லாம் தேவையில்லை; ஆறிய வோர்ட்டின் (நொதிக்க வைக்கும் இனிப்பு மால்ட் சாறு) மேல் அப்படியே தூவிவிடலாம்.

இதன் பெருமையே தன் வாசனையைக் காட்டிக்கொள்ளாததுதான். கேஸ்கேட் ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) போட்ட என் பாட்டிலைக் காய்ச்சும் நண்பர்களிடம் சுற்றுக்கு விட்டேன். முகர்ந்ததுமே பம்பளிமாஸ் தோல் மணம் என்றார்கள். ஈஸ்ட்டைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அதுவே பாராட்டு!

குறை என்றால், தெளியத் தாமதமாகும். நொதித்து முடிந்த பிறகும் மேலே நுரைப் படலம் விடாப்பிடியாக நிற்கும். சில நாள் ஃப்ரிட்ஜில் வைத்தால் கசடு அடியில் படிந்துவிடும். அப்புறம், நொதிக்கும்போது வெப்பநிலை 18-20 டிகிரியில் இருக்கட்டும். ரொம்பக் குளிரவிட்டால் பீச் பழ வாசனை எட்டிப்பார்க்கும் என்பது காய்ச்சுகிறவர்கள் பலரின் அனுபவம். கோதுமை பீரில் வாழைப்பழ மணம் வேண்டுமா? இதை வாங்காதீர்கள், அதற்கு ஜெர்மன் வைசென் ஈஸ்ட் தனியாக இருக்கிறது.