ஆயிரம் ரூபாய் காலர் மைக்: உள்ளூர் கேபிளுக்குப் படம் எடுப்பவரின் அனுபவம்

சேலத்தில் எங்கள் பகுதி கேபிள் சேனலுக்குச் சம்பளமில்லாமல் நிகழ்ச்சி எடுத்துக் கொடுக்கும் கோஷ்டி நாங்கள். புதிதாகச் சேரும் பையன்கள் எல்லாரும் கேட்பது "எந்த கேமராண்ணே வாங்கலாம்?" என்றுதான். கேமரா இருக்கட்டும், முதலில் மைக் வாங்கு என்பேன். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு புரியவில்லையென்றால் உடனே சீரியலுக்குத் தாவிவிடுவார்கள்.

நான் சில வருடங்களாக வைத்திருப்பது ஆறு மீட்டர் வயர் உள்ள காலர் மைக், அதாவது சட்டையில் கிளிப்பால் குத்தும் சின்ன மைக். விலை ஆயிரம் ரூபாயை ஒட்டித்தான்.

அம்மாபேட்டையில் நெசவாளர்களைப் பேட்டி எடுக்கும்போது இதன் அருமை தெரியும். குழித்தறியில், அதாவது குழிக்குள் காலை விட்டு நெய்யும் தறியில் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் சட்டை போட்டிருக்க மாட்டார். தோள் துண்டில் குத்திவிடலாம் என்று தோன்றும், குத்தாதீர்கள். கை அசையும்போதெல்லாம் துண்டு மைக்கில் உரசி கரகரவென்று கேட்கும். "அண்ணே, பேசுற வரைக்கும் பனியன் போட்டுக்கங்க" என்றால் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வார். வயரைப் பனியனுக்குள் விட்டு இடுப்புப் பக்கம் எடுத்து, காலால் மிதிக்கும் தறிக்கட்டையில் சிக்காதபடி தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.

இந்த மைக் எல்லாப் பக்கத்துச் சத்தத்தையும் இழுக்கும். அதனால் தறியை நிறுத்தச் சொல்லித்தான் பேட்டி. அப்புறம் தறியை ஓட்டச் சொல்லி, யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் சத்தத்தை மட்டும் பதிவு செய்வேன். கேமராவை ட்ரைபாடில் வைத்து நாடா (ஊடை நூலைக் கொண்டு ஓடுவது), பாவு (நீளவாக்கு நூல்), கை, கால் என ஒவ்வொன்றையும் பத்து நொடி அசைக்காமல் எடுக்க வேண்டும். ஜூம் வேண்டவே வேண்டாம். பேட்டியில் வெட்டின இடத்தை மறைக்க எடிட்டிங்கில் இவைதான் கைகொடுக்கும்.

தறிக்கூடத்தில் டியூப் லைட் இருந்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடி வையுங்கள். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 1/60-இல் படம் துடிக்கும்.

ஏற்காடு வேறு கதை. அங்கே காற்றுக்கு மைக்கோடு வரும் ஸ்பாஞ்ச் மூடி பத்தாது. தனியாக விற்கும் முடி வைத்த உறையை வாங்கிப் போட்டேன். பேசுபவரைக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்க வைப்பதும் பாதி வேலையை முடிக்கும். மூடுபனியை கேமராவின் ஆட்டோ செட்டிங்கில் எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வரும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி கூட்டினால் வெள்ளையாகிவிடும். குளிரில் இருந்த கேமராவோடு டீக்கடைக்குள் நுழைகிறவர்கள் பையைத் திறக்காமல் டீ குடியுங்கள். திறந்தால் லென்ஸில் நீர் படியும்.

சரி, குறைகள். கிளிப் சீக்கிரம் தளர்கிறது. நான் ரப்பர் பேண்ட் சுற்றியிருக்கிறேன். போனில் செருகினால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பட்டன் செல் தேவைப்படாது. கேமராவுக்குத் தேவை. ஸ்விட்சை அணைக்காமல் வைத்தால் செல் தீரும், அது தீரத் தீர பேச்சும் தேயும். காதில் ஹெட்போன் இல்லையென்றால் வீட்டுக்கு வந்துதான் தெரியும்.

ஆடியில் கோட்டை மாரியம்மன் கோயில் கூட்டத்துக்கு மட்டும் இது ஆகாது. நீள வயரில் போகிறவர் வருகிறவரெல்லாம் தடுக்குவார்கள். அங்கே யாரிடமாவது கைமைக் இரவல் வாங்கிக்கொள்வதுதான் வழக்கம்.